மடிக்கணினிக்குள் கிந்தாவின் ஈயம்

பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து பத்து காஜா தாண்டித் தஞ்சோங் துவாலாங் போகும் சாலையோரம், நீர் நிறைந்த பழைய குட்டையொன்றில் ஓர் ஈயக்கப்பல் நிற்கிறது. ஐந்தாம் எண் கப்பல் என்பது அதன் பெயர். 1938இல் கட்டியது, எடை 4,500 டன். 1982 வரை தரையைக் கடைந்து, நாம் ஈயம் என்று சொல்லும் வெள்ளீயத்தின் தாதுவை எடுத்த இயந்திரம் அது. இன்று குடும்பத்தோடு வருகிறவர்கள் மேலே ஏறிப் பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். அந்தக் கைப்பேசிக்குள்ளும் வெள்ளீயம்தான் இருக்கிறது. ஈயம் என்றால் தாத்தா காலத்துக் கதை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. சுரங்கங்கள் மூடின என்பது உண்மை. ஆனால் அந்த உலோகம் இல்லாமல் இன்று ஒரு கணினிகூட எழுந்து நிற்காது.

சுரங்கங்கள் மூடியதுபோல், பேராக்கின் ரப்பர் தோட்டங்களும் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்துக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். மடிக்கணினி வாங்கும்போது செயலி எது, ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எத்தனை ஜிபி என்று அலசி ஆராய்வார்கள். அவற்றையெல்லாம் பலகையோடு பிடித்து வைத்திருப்பது எது என்று யாரும் கேட்பதில்லை.

பழுதுபார்க்கும் கடையில் திறந்து கிடக்கும் ஒரு மதர்போர்டை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பாருங்கள். எள்ளைவிடச் சிறிய பாகங்கள் நூற்றுக்கணக்கில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றின் இரு முனையிலும் சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு சிறு சரிவு தெரியும். அதுதான் பற்றாசு, கடைக்காரர் வாயில் சோல்டர். செயலிக்கு அடியில் இருப்பது கண்ணுக்கே படாது. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்றாசு உருண்டைகள் நெருக்கமாக உட்கார்ந்து, மின்சாரத்தையும் தகவலையும் மேலும் கீழும் கடத்திக்கொண்டிருக்கின்றன. இன்று பரவலாகப் பயன்படும் பற்றாசில் 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, அரை விழுக்காடு செம்பு.

தொழிற்சாலையில் இதைச் செய்யும் விதம் பார்க்க அழகானது. பற்றாசுத் தூளைப் பசைபோலக் குழைத்து, துளையிட்ட மெல்லிய எஃகுத் தகட்டின் வழியே பலகையில் அச்சிடுகிறார்கள். இயந்திரக் கை பாகங்களை அதன்மேல் வைக்கிறது. பிறகு பலகை ஓர் அடுப்புக்குள் மெல்ல நகர்ந்து போகிறது. 217 பாகை செல்சியஸில் தூள் உருகத் தொடங்குகிறது. உருகிய துளியின் பரப்பு இழுவிசை, சற்றுக் கோணலாக வைத்த பாகத்தைக்கூடத் தானே இழுத்து நேராக்கிவிடும். அந்தச் சில நொடிகளில் வெள்ளீயமும் அடியிலுள்ள செம்பும் வினைபுரிந்து இடையில் ஒரு புதிய சேர்மத்தை உண்டாக்குகின்றன. ஆறு செம்பு அணுவுக்கு ஐந்து வெள்ளீய அணு என்ற கணக்கு. சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள அந்த அடுக்குதான் உண்மையான பிடிப்பு. அது உருவாகாத இடத்தில் பற்றாசு வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டினால் விடும்.

இந்த வேலைக்கு வெள்ளீயம் வாய்த்ததற்குக் காரணம், அது கலப்பில்லாமலே 232 பாகையில் உருகிவிடும் என்பது. ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் கண்ணெதிரே உருகிப்போகும். சில்லைக் கருக்காமல் செம்போடு சேர, இப்படி இளகும் உலோகம்தான் வேண்டும்.

ஈப்போ இருக்கும் கிந்தாப் பள்ளத்தாக்கில் அந்த உலோகம் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் தொடர், இரண்டும் கருங்கல் மலைகள். அவற்றில் விளைந்த தாதுவை மழையும் ஆறும் அரித்துக் கொண்டுவந்து, அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையின் குழிகளில் சேர்த்தன. அந்தத் தாது நீரைவிட ஏழு மடங்கு கனமானது. மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்தான். அதனால் பிரிப்பதற்குத் தண்ணீர் போதும். ஆற்றில் இறங்கி மரத்தட்டைச் சுழற்றிய டூலாங் பெண்கள் செய்ததும், மரச்சாரத்தின்மேல் நீண்டு கிடந்த பாலோங் என்னும் அலசு வாய்க்கால் செய்ததும், 4,500 டன் கப்பல் செய்ததும் ஒரே வேலை. மண்ணை நீரில் அலசினால் கனமானது அடியில் தங்கும். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ஓடிய மலாயாவின் முதல் ரயிலும் ஈயத்துக்காகத்தான் போடப்பட்டது. அந்தப் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வந்தது.

1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வணிகம் நின்றது. விலையைத் தாங்கிப் பிடித்துவந்த பன்னாட்டு வெள்ளீய மன்றம் கையிருப்புப் பணம் தீர்ந்து கைவிரித்துவிட்டது. விலை சரிந்தது, கிந்தாவின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. கணினி வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய காலம் அது. இன்று உலகின் வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி பற்றாசுக்குத்தான் போகிறது.

முன்பு பற்றாசில் 37 விழுக்காடு காரீயம் இருந்தது. நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் அதைத் தடுத்தது. நல்ல முடிவு, ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. காரீயம் கலக்காத வெள்ளீயப் பூச்சிலிருந்து, தலைமுடியைவிட மெல்லிய உலோக இழைகள் தாமாக முளைக்கும். ஓர் இழை பக்கத்துக் கம்பியைத் தொட்டால் மின்குறுக்கு ஏற்படும். 1998இல் கேலக்சி 4 செயற்கைக்கோள் செயலிழந்ததற்கு இந்த இழைகளே காரணம் என்று கருதப்படுகிறது. அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேஜர்கள் அன்று மௌனமாயின. இழை ஏன் முளைக்கிறது என்பதில் அறிவியலாளர்களுக்குள் இன்னும் முழு உடன்பாடு இல்லை.

நிரலர் தன் நிரலைச் சேமித்து வைக்கும் இணையச் சேவைகள் எங்கோ உள்ள தரவு மையங்களில் ஓடுகின்றன. அங்குள்ள புதிய சில்லுகள் பிறப்பதற்கே வெள்ளீயம் வேண்டும். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் இயந்திரத்தில், உருகிய வெள்ளீயத் துளிகள் நொடிக்கு 50,000 வீதம் வெற்றிடத்தில் பாய்கின்றன. ஒவ்வொரு துளியையும் லேசர் தாக்கி ஒளிரும் பிளாஸ்மாவாக்குகிறது. அதிலிருந்து கிளம்பும் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளிதான் சில்லின் மிக நுண்ணிய கோடுகளை வரைகிறது.

உங்கள் மேசைக்கு வருவோம். கணினி சூடாகும்போது பலகை அதிகமாகவும் சில்லு குறைவாகவும் விரிகின்றன. அந்த வேறுபாட்டின் இழுபறி முழுவதும் நடுவிலுள்ள பற்றாசு உருண்டைகளின் தலையில் விழுகிறது. ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறி, உருண்டையில் விரிசல் விடும். திரையில் கோடுகள் வரும், திடீரென்று அணையும். வெப்பக்காற்று அடித்து உயிர்ப்பிப்பது பெரும்பாலும் தற்காலிக வைத்தியம். சில்லைப் பெயர்த்தெடுத்து, புது உருண்டைகளை அச்சுத் தகட்டில் பரப்பி, மறுபடி பொருத்துவதுதான் சரியான சிகிச்சை. மெத்தைமேல் கணினியை வைத்துக் காற்று வழியை அடைக்காமல் இருந்தாலே அந்த நாளைத் தள்ளிப்போடலாம்.

பேராக்கில் வெள்ளீயம் தோண்டுவது அடியோடு நின்றுவிடவில்லை. வடக்கே உலு பேராக்கில், கிளியான் இந்தானில் ரஹ்மான் ஹைட்ராலிக் சுரங்கம் இன்றும் மலையை வெட்டித் தாது எடுக்கிறது. அது உருக்காலையில் கட்டியாகிச் சந்தைக்குப் போகிறது. இந்தோனேசியா, பெரு நாடுகளின் வெள்ளீயமும் அதே சந்தைக்கு வருகிறது. பற்றாசு ஆலையில் எல்லாம் ஒரே கொப்பரையில் உருகிவிடுவதால், ஒரு மடிக்கணினியில் இருப்பது எந்த ஊர் ஈயம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.