முன்பணம் வாங்கினால் சிறை: எஜமான், வேலையாள் சட்டம் கடந்து வந்த பாதை

நம் மஹல்லாக்களில் பல குடும்பங்களுக்கு வேலை என்ற விஷயத்தில் இரண்டு முகங்கள் உண்டு. ஊரில் கடையோ பட்டறையோ வைத்திருக்கும் அண்ணன் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி. ரியாத்திலோ தோஹாவிலோ இருக்கும் தம்பி இன்னொருவரிடம் சம்பளம் வாங்கும் வேலையாள். அண்ணனுடைய கவலை, "முன்பணம் வாங்கிய பையன் திரும்பி வரவில்லையே" என்பது. தம்பியின் கவலை, "பாஸ்போர்ட் கபீலிடம் இருக்கிறதே" என்பது. இந்த இரண்டு கவலைகளுக்கும் பின்னால் அறுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதை அறிந்துகொண்டால் முதலாளியாகவும் வேலையாளாகவும் நம் உரிமை எது, கடமை எது என்று விளங்கும்.

தொடக்கம்: கொள்ளைநோயும் கூலியும்

நம் நாட்டுக்கு வந்த வேலைச் சட்டங்களின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1348-49 ஆண்டுகளில் அங்கே பரவிய கொள்ளைநோயில் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். நிலம் இருந்தது, உழ ஆள் இல்லை. மிஞ்சிய கூலியாட்கள் அதிகக் கூலி கேட்டார்கள். உடனே மூன்றாம் எட்வர்ட் மன்னரின் அரசு 1349-இல் ஓர் ஆணையும் 1351-இல் ஒரு சட்டமும் போட்டது. நோய்க்கு முன்பிருந்த கூலியைத்தான் வாங்க வேண்டும். வேறு பிழைப்பு இல்லாத, அறுபது வயதுக்கு உட்பட்ட உடல் வலுவுள்ளவர்கள் வேலைக்குக் கூப்பிட்டால் போயாக வேண்டும். தவணை முடியுமுன் வேலையை விட்டுப் போனால் சிறை.

1563-இல், முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், இதை விரிவாக்கி இன்னொரு சட்டம் வந்தது. ஆண்டுதோறும் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் உள்ளூர் நீதிபதிகளிடம் கொடுக்கப்பட்டது. காரணமில்லாமல் வேலையாளை நடுவில் நிறுத்தும் எஜமானுக்கு 40 ஷில்லிங் அபராதம். நடுவில் விலகும் வேலையாளுக்குச் சிறை. தப்பு ஒன்றுதான். பணத்தால் தீர்த்துக்கொள்ளும் வழி எஜமானுக்கு மட்டுமே இருந்தது.

இந்த ஏற்றத்தாழ்வு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1823-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறிய வேலையாளை மூன்று மாதம் வரை கடுங்காவலில் வைக்கலாம். சம்பளம் கொடுக்காத எஜமான்மீது பணப் பாக்கிக்காக வழக்குப் போடலாம், அவ்வளவுதான். தீர்ப்புச் சொல்லும் உள்ளூர் நீதிபதிகள் பல இடங்களில் நிலக்கிழார்களாகவும் ஆலை முதலாளிகளாகவும் இருந்தார்கள். 1858 முதல் 1875 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்குச் சுமார் 10,000 வேலையாட்கள்மீது இத்தகைய வழக்குகள் நடந்தன.

தொழிற்சங்கங்கள் போராடியதால் 1867-இல் சட்டம் தளர்ந்தது. அதே ஆண்டு நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை கிடைத்தது. வாக்கு கையில் வந்ததும் அவர்கள் குரலுக்கு மதிப்பு வந்தது. 1875-இல் சாதாரண ஒப்பந்த மீறலுக்குச் சிறை என்பது எடுக்கப்பட்டது. சட்டத்தின் பெயரிலிருந்த "எஜமானும் வேலைக்காரனும்" என்ற சொற்களும் மாறி, "வேலை கொடுப்பவரும் தொழிலாளியும்" என்று ஆயின.

நம் நாட்டுக்கு வந்த வடிவம்

இந்தியாவில் 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம், அடிமை முறையை நீதிமன்றங்கள் அங்கீகரிக்கக் கூடாது என்றது. ஆனால் பதினாறே ஆண்டுகளில், 1859-இல், வேலையாளை வேறு வகையில் கட்டிப்போடும் சட்டம் ஒன்று வந்தது. கல்கத்தா வியாபாரிகள் சங்கம் கேட்டுப் பெற்ற சட்டம் அது. முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களுக்கு. பிறகு மற்றப் பகுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டு, அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள்வரை போனது.

அது வேலை செய்த விதம் எளிது. தச்சரோ கொல்லரோ கூலியோ முன்பணம் வாங்கிவிட்டு வேலையை முடிக்கவில்லை என்று முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுப்பார். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையைச் செய் என்று உத்தரவாகும். இரண்டும் முடியாவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முன்பணத்தை வாங்கிய அன்றே வீட்டுச் செலவில் கரைத்துவிட்ட ஏழை எங்கே போவான்? எவ்வளவு குறைந்த கூலியானாலும் அதே முதலாளியிடம் போய் நிற்பதைத் தவிர வழியில்லை.

1860-இன் இந்திய தண்டனைச் சட்டமும் 492-ஆம் பிரிவில் ஒரு வழி வைத்தது. முதலாளி செலவில் தூர இடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட வேலையாள், எழுத்து ஒப்பந்தம் முடியுமுன் தானாக விலகினால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது அந்தச் செலவைப்போல் இரு மடங்கு வரை அபராதம். "விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் நான் செலவு செய்தேன்" என்ற பேச்சை இன்றும் கேட்கிறோம் அல்லவா? அந்த எண்ணம் அன்று சட்டமாகவே இருந்தது.

கடல் கடந்து போன தமிழர்களையும் இது விடவில்லை. இலங்கையில் 1865-இன் வேலை ஒப்பந்தச் சட்டத்தின்கீழ், முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டுப்போவது குற்றம். அதோடு "துண்டு" என்ற வழக்கமும் இருந்தது. ஒரு தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று பழைய துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். மனிதன் தோட்டம் மாறினாலும் கடன் அவன் கூடவே மாறியது. 1921-இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

இங்கிலாந்தில் 1875-இல் கைவிடப்பட்ட சிறைத் தண்டனை, இந்தியாவில் இன்னும் ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1925-இல் நிறைவேறி, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 492-ஆம் பிரிவும் அதோடு போயிற்று.

தராசு திரும்பியது

அதே காலகட்டத்தில் சட்டம் வேலையாளின் பக்கமும் பார்க்கத் தொடங்கியது. 1923-இல் வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு, 1926-இல் தொழிற்சங்க உரிமை, 1936-இல் சம்பளத்தைக் குறித்த தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்ற விதி, 1948-இல் குறைந்தபட்சக் கூலி.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். முன்பணத்தைக் காட்டி ஒருவரைக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கினாலோ, வேறு இடம் போகவிடாமல் தடுத்தாலோ அது கொத்தடிமை முறை. அந்தக் கடன் செல்லாது. வேலை வாங்கியவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. ஒரு காலத்தில் முன்பணத்துக்காக வேலையாளைச் சிறையில் போட்ட சட்டம், இன்று அதே முன்பணத்தை வைத்துக் கட்டிப்போடும் முதலாளியைச் சிறையில் போடுகிறது.

தமிழ்நாட்டில் 2021-இல் வந்த திருத்தமும் நம் கடைக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டியது. கடை ஊழியர்கள் நாள் முழுதும் நின்றுகொண்டே இருக்காமல் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்பது இப்போது சட்டம்.

வளைகுடாவில்

கஃபாலா முறையில் பழைய சட்டத்தின் சாயலைக் காணலாம். சவுதியில் வேலையை விட்டுப் போனவரைக் கபீல் "ஹுரூப்" என்று பதிந்துவிட்டால், சம்பளப் பாக்கி கேட்க வேண்டியவரே சட்டத்துக்குப் புறம்பானவராக ஆகிவிடக்கூடும். ஆனால் அங்கும் மாற்றம் வருகிறது. கத்தார் 2020-இல் பழைய முதலாளியின் அனுமதிச் சீட்டு இல்லாமலே வேலை மாற வழி செய்தது. சவுதி அரேபியா 2021 மார்ச்சில் தனியார் நிறுவன ஊழியர்களுக்குச் சில நிபந்தனைகளுடன் இதே வழியைத் திறந்தது. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் அந்தச் சலுகை அப்போது கிடைக்கவில்லை. நம் ஊர்களிலிருந்து இந்த வேலைகளுக்குத்தான் பலர் போகிறார்கள் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாளியாக இருப்பவர்களுக்கு:

• முன்பணம் கொடுத்தால் தொகையையும் மாதப் பிடித்தத்தையும் எழுதி, இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.
• ஆதார், ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ் எதையும் ஈடாக வாங்கி வைக்காதீர்கள்.
• வேலையை விட்டுப் போனவரிடம் பாக்கி இருந்தால் அது பணக் கணக்கு மட்டுமே. அவரை வேலைக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது.
• சம்பளத் தேதியைத் தள்ளாதீர்கள். உழைத்தவனின் கூலியைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்று ஜும்ஆ பயான்களில் நாம் கேட்டு வருவதும் இதைத்தான்.

வெளிநாடு போகிறவர்களுக்கு:

• ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இமைகிரேட் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.
• பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்து வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.
• ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள்.
• சம்பளம் வராவிட்டால் வேலையை விட்டு ஓடுமுன் இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள். குடும்பத்தார் இங்கிருந்தே மதத் இணையதளத்தில் புகார் பதியலாம்.

முன்பணச் சீட்டையோ வெளிநாட்டு ஒப்பந்தத்தையோ படித்துப் புரிந்துகொள்ள உதவி வேண்டுவோர், கையெழுத்துப் போடுமுன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு வருவதைவிட அது எவ்வளவோ மேல்.