மறைவில் நடந்த அணுப் பண்டமாற்று

அணுக்குண்டு செய்யும் வித்தையை அரிதின் முயன்று பெற்ற நாடு, அதைப் பிறிதொரு நாட்டிற்கு ஏன் கொடுக்கவேண்டும்? நம் மாணவன் ஒருவன் இவ்வாறு வினவினான். பாக்கிஸ்தானின் கதையே இதற்குத் தக்க விடையாகும்.

1974ஆம் ஆண்டில் இந்தியா அணுவெடிப்பு நடத்தியதும் பாக்கிஸ்தான் கலங்கியது. ஒல்லாந்தில் யுரேனியம் செறிவூட்டும் துறையிற் பணியாற்றிய அப்துல் காதிர் கான் என்னும் விஞ்ஞானி, அங்கு அறிந்த இரகசியங்களுடன் 1975இன் இறுதியில் தாயகம் திரும்பினார். இயற்கை யுரேனியத்தில் குண்டிற்கு உதவும் வகை 0.7 வீதமே உண்டு. அதனை ஏறத்தாழ 90 வீதத்திற்கு உயர்த்துதல் வேண்டும். யுரேனியத்தை வாயுச் சேர்வையாக்கி, மெல்லிய உருளைகளில் இட்டு, அதிவேகமாகச் சுழற்றுவர். பாரமான அணுக்கள் ஓரத்தை நாட, இலேசானவை நடுவிற் செறியும். கேட்பதற்குத் தயிர் கடைவது போல எளிதாகத் தோன்றும். ஆயினும் இத்தகைய சுழலிகள் ஆயிரக்கணக்கில், இம்மியும் பிசகாது சுழலவேண்டும்.

1990இல் அமெரிக்கா பாக்கிஸ்தானுக்கு வழங்கிய இராணுவ உதவியை நிறுத்தியது. அடுத்த ஆண்டில் சோவியத் ஒன்றியம் சிதையவே, வடகொரியாவும் துணையிழந்து நின்றது. முன்னதிடம் குண்டு செய்யும் வழி இருந்தது. அதை நெடுந்தூரம் சுமந்து செல்லும் ஏவுகணை இல்லை. பின்னதிடம் ஏவுகணை இருந்தது, பணமில்லை. 1993 டிசெம்பரில் பிரதமர் பெனசிர் பூட்டோ பியொங்யாங் சென்றார். 1998 ஏப்ரலில் பாக்கிஸ்தான் ஏவிய ‘கௌரி’, வடகொரியாவின் ‘நொடொங்’ ஏவுகணையை அடியொற்றியதே. ஏறத்தாழ இரண்டு டசின் சுழலிகளைக் கான் வடகொரியாவிற்கு அனுப்பினார் என்று முஷாரப் 2006இல் தம் நூலில் எழுதினார். ஏவுகணைகளுக்குக் காசே கொடுத்தோம், சுழலிகள் விலையல்ல என்று பாக்கிஸ்தான் சாதித்தது. அதனை நம்புதல் நமக்குக் கடினமாகவே உள்ளது.

லிபியாவின் கதை வேறு. ஐக்கிய நாடுகள் சபையின் தடைக்குட்பட்டிருந்த அந்நாட்டிடம் எண்ணெய்ப் பணம் இருந்தது, வித்தை இல்லை. 2003 ஒக்டோபரில் லிபியா நோக்கிச் சென்ற கப்பலொன்று இத்தாலியிற் சோதிக்கப்பட்டபோது, மலேசியாவிற் செய்யப்பட்ட சுழலி உறுப்புகள் அகப்பட்டன. இவ்வணிகத்திற்கு டுபாயிலிருந்து தரகு செய்தவர் இலங்கையைச் சேர்ந்த ஒருவர் என்பது நம் வாசகர்களை வியப்பில் ஆழ்த்தும். அதே டிசெம்பரில் லிபியா தன் முயற்சியைக் கைவிட்டது. அங்கே ஒப்படைக்கப்பட்ட குண்டின் வரைபடங்கள், இஸ்லாமபாத் தையற்கடை ஒன்றின் பைகளில் இருந்தனவாம்!

2004 பெப்ரவரி 4ஆம் நாள் தொலைக்காட்சியில் தோன்றிய கான், பழி முழுவதையும் தம்மேல் ஏற்றுக்கொண்டார். மறுநாளே அவருக்கு மன்னிப்பு அளிக்கப்பட்டது. அரசு அறியாமலா இவ்வளவு பண்டமும் எல்லை கடந்தது என்று நம் மாணவன் மீண்டும் கேட்டான். நாம் புன்னகைத்தோம்.

2010 நவம்பரில் யொங்பியொனுக்கு அழைக்கப்பட்ட அமெரிக்க விஞ்ஞானி சீக்பிரீட் ஹெக்கர், புத்தம் புதிய மண்டபமொன்றில் ஏறத்தாழ 2,000 சுழலிகள் வரிசை வரிசையாய் நிற்கக் கண்டார்.