டாமியின் படுக்கையில் அரிசியா?

உங்கள் வீட்டு டாமி தரையில் உட்கார்ந்து பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போகிறதா? 'பாரும்மா, வண்டி ஓட்டுது!' என்று குழந்தைகள் சிரிக்கும்போது நீங்களும் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அது படுக்கும் சாக்கை உதறிப் பாருங்கள். காய்ந்த அரிசி மாதிரி ஏதாவது உதிர்கிறதா? அது அரிசி இல்லை... நாடாப்புழுவின் துண்டு!

'போன மாசம்தானே பூச்சி மாத்திரை கொடுத்தோம்?' என்பீர்கள். கொடுத்தீர்கள், சரி. தெள்ளுப்பூச்சியை விட்டுவிட்டீர்களே!

நாயின் மலத்தோடு வெளியேறும் அந்தத் துண்டுகளில் புழுவின் முட்டைகள் இருக்கும். சாக்கிலும் தரை இடுக்கிலும் வளரும் தெள்ளுக் குஞ்சுகள் அவற்றைத் தின்னும். தெள்ளு வளர்ந்து நாய் மேல் தாவும்போது, அதன் உடம்புக்குள் நாடாப்புழுவின் குஞ்சும் இருக்கும். அரிப்புத் தாங்காமல் நாய் தன்னையே கடிக்கும், நக்கும். தெள்ளு வயிற்றுக்குள் போய்விடும். அவ்வளவுதான், சில வாரங்களில் குடலில் புதுப் புழு! அது அரை மீட்டர் நீளம்கூட வளரும்.

பூனைக்கும் இதே கதைதான். நாயோடு விளையாடும் குழந்தை தப்பித்தவறி தெள்ளை விழுங்கினால் அதற்கும் வரலாம். பயப்படாதீர்கள், இது அபூர்வம், டாக்டர் தரும் மருந்தில் குணமாகிவிடும்.

கால்நடை டாக்டரிடம் காட்டி, புழுவுக்கும் தெள்ளுக்கும் சேர்த்தே மருந்து கொடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா நாய், பூனைக்கும்தான். சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். தரை இடுக்குகளைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள். சில மருந்துகள் பூனையின் உயிருக்கே உலை வைத்துவிடும்.

புழுவை மட்டும் விரட்டினால் போதாது. தெள்ளு இருக்கிறவரை அது திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும்!