சைபீரியாவிலிருந்து பறவைகள் கணுக்கால் தண்ணீரைத் தேடி வருகின்றன, தெரியுமா?

ஓசூர் வழியாகப் பெங்களூரு போய் மெஜஸ்டிக்கில் இறங்குகிறீர்களே, நீங்கள் கால் வைக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது தெரியுமா? தர்மாம்புதி ஏரி! அது வற்றிப்போன இடத்தில்தான் கெம்பேகௌடா பேருந்து நிலையம் எழும்பியது. தடகளப் போட்டிகள் நடக்கும் கண்டீரவா விளையாட்டரங்கம்? அது சம்பங்கி ஏரி!

சொல்லிக்கொள்ளும்படி ஆறு எதுவும் ஓடாத ஊர் அது. கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டு நிலம். ஆகவே அங்கே இருக்கும் ஏரிகள் எல்லாம் மனிதர்கள் மண் சுமந்து கரை கட்டி உண்டாக்கியவை. ஒன்று நிரம்பினால் கோடி வழியாக வழிந்து, ராஜகாலுவே என்கிற கால்வாயில் ஓடி, அடுத்ததை நிரப்பும். அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது தெரியுமா? நம்மிடம்தான் வருகிறது! ஊரின் கிழக்குச் சரிவில் பெய்த மழை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் கடந்து கடலூரில் கடலைத் தொடுகிறது. மேற்குச் சரிவின் மழை விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் சேர்ந்து, காவிரிக்கு வருகிறது. பெல்லந்தூர் ஏரியின் நுரை 2015இல் தீப்பிடித்து எரிந்ததே, அந்தச் செய்தியைப் பக்கத்து வீட்டுச் சங்கதி என்று நாம் கடந்துபோக முடியாததற்கு இதுதான் காரணம்.

சரி, பறவைகளுக்கு வருவோம். இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் இதுவரை முந்நூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன! அவற்றைப் பார்க்க மார்கழியும் தையும்தான் ஏற்ற காலம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஆடி மாதத்தில், தூறல் விட்ட ஒரு காலையில், ஹோஸ்கோட்டே ஏரிப் பக்கம் போய்ப் பாருங்கள். மிதக்கும் இலைகளின் மேல் ஒரு பறவை சாவகாசமாக நடந்து போகும். நீளவால் இலைக்கோழி! உடல் கருஞ்சாக்லேட் நிறம், முகம் வெள்ளை, பிடரி தங்க மஞ்சள், பின்னால் வில்லாக வளைந்த நீண்ட கறுப்பு வால். இந்த வால் இனப்பெருக்க காலத்துக்கு மட்டும்தான் என்பது தெரியுமா? பனிக்காலத்தில் அதே பறவையைப் பார்த்தால் வால் சுருங்கி, நிறம் மங்கி, அடையாளமே தெரியாது!

அதன் குடும்பக் கதை இன்னும் வியப்பு. பெண் உருவத்தில் பெரிது. ஓர் ஆணோடு சேரும், நான்கு முட்டை இடும், பொறுப்பை அவனிடம் விட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். ஒரே பருவத்தில் ஒரு பெண் பத்து முறை வரைகூட இப்படி முட்டை வைப்பதுண்டு! அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் முழுக்க முழுக்க அப்பாவின் வேலை. தண்ணீர் திடீரென்று ஏறி, மிதக்கும் கூடு முழுகப்போகிறதா? அலகுக்கும் மார்புக்கும் நடுவே முட்டையை அணைத்துப் பிடித்து, ஒவ்வொன்றாக வேறு இலைக்கு மாற்றும். இதன் உறவான தாமிர இலைக்கோழியோ ஒரு படி மேல். ஆபத்து என்றால் அப்பா குஞ்சுகளை இரண்டு இறக்கைக்கு அடியிலும் இடுக்கிக்கொண்டு நடப்பார். அப்போது பைனாகுலரில் பார்த்தால், ஒரே பறவைக்கு ஏழெட்டுக் கால்கள் தொங்குவது போலத் தெரியும்!

அதே மழையில் ஏரியோரத்து ஈச்ச மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆண் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருக்கும். ஒரு கூட்டை முடிக்க ஐந்நூறு நடை வரை நார் சுமக்கும்! பாதி கட்டியதும் நிறுத்திவிட்டு, பெண் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மீதியைக் கட்டும் என்பது தெரியுமா? முக்குளிப்பானைப் பார்த்திருப்பீர்கள். கூட்டை விட்டு நீங்கும்போது முட்டைகள் வெளியே தெரியாமல் பாசியால் மூடிவிட்டுத்தான் போகும். தன் இறகையே பிடுங்கித் தின்னும், குஞ்சுக்கும் ஊட்டும்!

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்ததும் வலசைப் பறவைகளின் வருகை ஆரம்பம். முதலில் வருபவர்களில் வாலாட்டியும் ஒன்று. அடுத்து உள்ளான்கள். அவற்றில் கொசு உள்ளான் என்று ஒரு குட்டிப் பறவை இருக்கிறது. எடை எவ்வளவு தெரியுமா? இருபதிலிருந்து முப்பது கிராம்! பிறப்பது ஆர்க்டிக் ஓரத்துத் தூந்திர நிலத்தில். ஐரோப்பாவின் வட முனையிலிருந்து சைபீரியா வரை விரிந்த அந்த உறைபனி நாட்டிலிருந்து, அந்த எடையோடு, நம் பக்கத்து ஏரிக்கு வந்து இறங்குகிறது. வந்து எதைத் தேடுகிறது? ஆழமான தண்ணீரை அல்ல. ஈரச் சேற்றை! தண்ணீர் வடிந்து, பளபளவென்று மின்னும் அந்த விரற்கடைச் சேற்றில், தையல் மிஷின் ஊசியைப் போலக் கொத்திக்கொண்டே ஓடும்.

இங்கேதான் நிதானமாக நின்று பார்க்க வேண்டும். ஏரியின் ஓரத்தில் ஒவ்வோர் அங்குல ஆழத்துக்கும் ஒரு பறவை இருக்கிறது தெரியுமா? ஈரச் சேறு கொசு உள்ளானுக்கும் பட்டாணி உப்புக்கொத்திக்கும். கணுக்கால் தண்ணீர் பொரி உள்ளானுக்கு. அதைவிடக் கொஞ்சம் ஆழம் என்றால் ரோஜா நிறக் காலோடு நெடுங்கால் உள்ளான் இறங்கும். அதற்கும் உள்ளே மஞ்சள்மூக்கு நாரை, அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றைக் கிளறி, அலகில் மீன் பட்ட கணத்தில் படக்கென்று மூடும். பார்வையே தேவையில்லை, தொடுவுணர்ச்சிதான்! ஓர் அடித் தண்ணீரில் நீலச்சிறகு வாத்து தலையை உள்ளே விட்டு இரை தேடும். தட்டைவாயன் வாத்துகள் கூட்டமாக வட்டமடித்து நீந்தும். ஏன் தெரியுமா? அந்தச் சுழற்சியில் அடியில் கிடக்கும் நுண்ணுயிர்கள் மேலே வரும். சீப்புப் பல் போன்ற விளிம்புள்ள அகன்ற அலகால் தண்ணீரை வடித்துவிட்டு இரையை மட்டும் விழுங்கும்! இவ்வளவையும் தாண்டிய ஆழத்தில்தான் நாமக்கோழியும் நீர்க்காகமும் முங்கி எழும்.

ஆக, ஏரி என்றால் தண்ணீர் மட்டும் அல்ல. கரையோரத்துச் சரிவும் சேர்ந்ததுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் நாம் செய்யும் காரியம் மனதைப் பிசைகிறது. சீரமைப்பு என்று சொல்லி, அடிமண்ணை ஒரேயடியாகத் தோண்டி, கரையைச் செங்குத்தாக நிமிர்த்தி, சுற்றிலும் நடைபாதை போட்டால், நடக்க வருபவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் கொசு உள்ளான் நிற்க அங்கே இடம் எது? பத்து இன உள்ளான்கள் இறங்கிய ஏரியில் நீர்க்காகம் மட்டும் மிஞ்சும். இன்னொன்று தெரியுமா? முன்பெல்லாம் மாசி, பங்குனியில் ஏரிகள் வற்றும், சேறு வெளியே தெரியும், வடக்கே திரும்பப் போகும் பறவைகள் அங்கே வயிறு நிரப்பிக்கொண்டு கிளம்பும். இன்று வீட்டுக் கழிவுநீர் ஓயாமல் வந்து விழுவதால் பல ஏரிகள் கோடையிலும் வற்றுவதே இல்லை! தண்ணீர் நிறைந்திருப்பதே பறவைக்குப் பஞ்சமாகிவிடுகிறது. ஜக்கூர் ஏரியில் ஒரு நல்ல வழி பிடித்தார்கள். சுத்திகரித்த கழிவுநீரை நேராக ஏரியில் விடாமல், கோரையும் நாணலும் வளர்ந்த ஓர் ஈரநிலத்தின் ஊடாகச் செலுத்தி, அதன் பிறகே ஏரியில் சேர்த்தார்கள். நீலத் தாழைக்கோழிகளுக்கு அந்தக் கோரைக்காடு கொண்டாட்டம்.

மார்கழி, தை மாதங்களில் பறவை பார்க்க இடத்துக்குக் குறைவில்லை. எலகங்கா புட்டேனஹள்ளி ஏரி பறவைகளுக்கென்றே காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஹெசரகட்டாவில் ஏரியை ஒட்டிய புல்வெளிக்கு மத்திய ஆசியப் பூனைப்பருந்துகள் வருகின்றன. இரவில் மரத்தில் அடையாமல் புல்லுக்குள் தரையில் படுத்துறங்கும் பருந்துகள்! இமயத்தையே தாண்டி வரும் வரித்தலை வாத்து வேண்டும் என்றால் மைசூரு அருகே ஹதினாரு ஏரிக்கோ, கதக் மாவட்டத்து மாகடி ஏரிக்கோ, நம் கூந்தன்குளத்துக்கோ போக வேண்டும். அதன் உடலில் கருவி பொருத்திப் பார்த்தபோது 7,000 மீட்டருக்கு மேலும் பறந்தது பதிவானது. காற்றில் ஆக்சிஜன் பாதிக்கும் குறைவாக இருக்கும் உயரம் அது!

தனியாகப் போகத் தயக்கமா? பெங்களூருவில் பறவை பார்ப்போர் வட்டம் 1972இலேயே தொடங்கிவிட்டது தெரியுமா? விஞ்ஞானி ஜோசப் ஜார்ஜ் தொடங்கி வைத்தார். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில் லால்பாகில் கூடுவது பல பத்தாண்டு வழக்கம். தெற்காசிய ஏரிகளில் ஒவ்வொரு ஜனவரியும் நீர்ப்பறவைகளை எண்ணும் பணி 1987இல் ஆரம்பித்தது. எண்ணுபவர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாத ஆர்வலர்கள்! நம் பக்கம் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது.

வலசை வந்தவை கிளம்பத் தொடங்கியதும், கோடையில் எங்கே போவது? பெங்களூரு–மைசூரு சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, மத்தூர் வட்டத்தில் கொக்கரெபெள்ளூர் கிராமம். பெங்களூருவிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அங்கே கூழைக்கடாக்கள் கூடு கட்டுவது நடு ஏரியில் அல்ல, ஊருக்குள்ளே, வீட்டு வாசல் புளியமரத்தில்! கீழே மாடு கட்டியிருக்கும், பிள்ளைகள் விளையாடும், மேலே ஐந்து கிலோ எடையுள்ள பறவை முட்டையைப் புரட்டிக்கொண்டிருக்கும். எச்சம் விழுந்த மண்ணை எடுத்து வயலுக்கு உரமாகப் போடுவார்கள். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சு நாய்க்கு இரையாகிவிடக் கூடாதே என்று ஊர் இளைஞர்கள் 1994இல் ஹெஜ்ஜார்லே பளகா என்ற குழுவைத் தொடங்கினார்கள். விழுந்த குஞ்சுகளை வேலியிட்ட அடைப்பில் வைத்து, மீன் கொடுத்து வளர்த்து, பறக்கத் தெரிந்ததும் விட்டுவிடுகிறார்கள்! மாசி, பங்குனியில் போங்கள். மஞ்சள்மூக்கு நாரைகளும் அப்போது வந்து சேர்ந்திருக்கும். குடையும் தொப்பியும் அவசியம், வெயிலுக்கு மட்டும் அல்ல.