முதலாளிக்கு மணி அடிப்பது யார்?

திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லராக இருப்பவர், எப்போது வேலையைத் தொடங்குவது என்று யோசிப்பதில்லை. ஷிப்ட் மணி அடிக்கும்; கை தானாகவே துணியை எடுக்கும். அவரே சில ஓவர்லாக், பிளாட்லாக் இயந்திரங்களை வாங்கிப் போட்டு ஜாப் ஒர்க் தொடங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி அவருக்கு மணி அடிக்க ஆளில்லை.

இது வெறும் கற்பனை அன்று. திருப்பூரை ஆராய்ந்து 2004இல் நூல் எழுதிய ஷரத் சாரி, தொழிலாளியாக நுழைந்து முதலாளியானோர் பலரைக் கண்டார். தம் உயர்வுக்குக் காரணம் உழைப்பே என்று அவர்கள் கூறினார்கள். சாதி, உறவு ஆகியவற்றின் துணையையும் சாரி சுட்டத் தவறவில்லை. அது தனிக் கதை. உழைப்பை நாள்தோறும் ஒரே சீராக நடத்துவது எது என்பதே நம் கேள்வி.

மனவுறுதி என்பீர்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வேறு விடை தந்தார். பழக்கத்தை அவர் இயந்திரத்தின் கனத்த சக்கரத்திற்கு ஒப்பிட்டார். மிதி தையல் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில் மிதியின் விசை சக்கரத்தைத் திருப்ப உதவாது. அவ்விடங்களைக் கடத்திவிடுவது சக்கரம் முன்பே பெற்ற வேகந்தான்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் இதை அளந்தே பார்த்தனர். 2010இல் அச்சான அவர்கள் ஆய்வில் 96 பேர் பங்கேற்றனர். 'காலை உணவு முடிந்ததும்' என்பது போன்ற அன்றாட நிகழ்ச்சி ஒன்றுடன் ஒரு புதிய செயலை இணைத்து, 12 வாரம் செய்துவந்தனர். அது தானாக நிகழும் தன்மை தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் ஏறியது. இஸ்திரிப் பெட்டி சூடேறுவதைப் போல. அந்த ஏற்றம் சமநிலையை நெருங்க ஆகும் காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டனர். 21 நாளில் எப்பழக்கமும் படிந்துவிடும் என்ற பேச்சை நீங்கள் நம்ப வேண்டாம். ஒரு நாள் தவறினால் எல்லாம் பாழ் என்று அஞ்சவும் வேண்டாம். ஒரு தவறல் வளர்ச்சியைப் பெரிதாகக் கெடுக்கவில்லை.

ஆகவே புதிய முதலாளிக்கு வேண்டியது, நாள்தோறும் தவறாமல் நிகழும் ஓர் அடையாளம். காலையில் மெயின் ஸ்விட்சைப் போடுவதையே அவர் மணியாகக் கொள்ளலாம். ஸ்விட்சைப் போட்டதும் துணியின் ஜி.எஸ்.எம். பார்ப்பது என்று வைத்துக்கொள்ளட்டும். இது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். வட்ட வெட்டியால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, எடைபோட்டு, நூறால் பெருக்கினால் போதும். 1.80 கிராம் இருந்தால் 180.

180 கேட்ட இடத்தில் 190 வந்தால் என்ன நட்டம்? 1,000 கிலோ துணியில் ஏறத்தாழ 290 சதுர மீட்டர் குறைகிறது. பனியனுக்கு ஒரு சதுர மீட்டர் என்று கொண்டால் 290 பனியன் போயிற்று! கட்டிங் மாஸ்டர் துணியை விரித்து வெட்டிய பின் இது தெரிந்து பயனில்லை.

இதே அளவையை ஒரு நாள் காலையிலும் மறுநாள் நண்பகலிலும் செய்தால் எண்கள் ஏமாற்றும். பருத்தி காற்றின் ஈரத்தைக் குடிக்கும். 65 விழுக்காடு ஈரப்பதத்தில், 100 கிராம் உலர்ந்த பருத்தி 7 அல்லது 8 கிராம் நீரை ஏற்கிறது. காற்று வறண்டால் அதில் ஒரு பகுதியை விட்டுவிடுகிறது. எனவே துணியைச் சற்று நேரம் விரித்துக் காற்றாட விட்டு, நாள்தோறும் ஒரே வேளையில் எடைபோடுவது நல்லது. பழக்கத்திற்கு உதவும் அதே நேர ஒழுங்கு, அளவைக்கும் உதவுகிறது.

கணக்கை மாலையில் ஸ்விட்சை அணைக்கும்போது எழுதலாம். சனிக்கிழமை சம்பள நேரம் வரை தள்ளினால், திங்களன்று நேர்ந்த பிழை அன்றுதான் கண்ணில் படும். அதற்குள் ஐந்து நாள் துணி தைத்து முடிந்திருக்கும்.