ஆர்ப்பெஜியோ: பேஸ் கிட்டாருக்கு உங்கள் பிசியே பக்கவாத்தியம்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கிட்டார் பாடமா என்று கேட்காதீர்கள். வீட்டில் பேஸ் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பெரிய குறை உண்டு. தனியாக உட்கார்ந்து வாசித்தால் அதில் எதுவும் புரியாது. மேலே யாராவது கார்ட் வாசிக்க வேண்டும். அப்போதுதான் நாம் கீழே வாசிக்கும் ஸ்வரம் பொருந்துகிறதா என்று காதுக்குத் தெரியும். அந்த 'யாராவது' வேலையை மியூஸ்கோர் என்ற இலவச சாஃப்ட்வேர் அழகாகச் செய்கிறது.

நான் சொல்லும் கார்ட், சவுண்ட் கார்டு அல்ல. மூன்று, நான்கு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கட்டு. அவற்றைச் சேர்த்து அடிக்காமல் ஒவ்வொன்றாக வாசித்தால் அதுதான் ஆர்ப்பெஜியோ. ஹார்ப் வாத்தியத்துக்கான இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் கணக்கில் மேஜர் கார்ட் என்பது ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். மைனர் என்றால் காந்தாரம் மட்டும் சாதாரண காந்தாரமாக இறங்கும். ஃப்ரெட் கணக்கில் மேஜருக்கு 0, 4, 7. மைனருக்கு 0, 3, 7. இவ்வளவுதான்.

பேஸில் இதற்குத் தனி மரியாதை உண்டு. அதன் தடித்த ஸ்ட்ரிங் சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அவ்வளவு கீழே இரண்டு, மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து அடித்தால் குழம்பிப் போகும். ஒவ்வொன்றாக வாசித்தால் தெளிவாக இருக்கும், கார்டின் முழு அடையாளமும் கிடைத்துவிடும்.

ஆனால் நான் பார்த்தவரை, ஆர்ப்பெஜியோவை மேலும் கீழும் ஓட்டிப் பழகியவர்கள்கூட மேடையில் ஏறியதும் கார்டின் முதல் ஸ்வரத்தையே தட்டிக்கொண்டிருப்பார்கள். பயம்தான் காரணம். பாட்டு மைனரில் போகும்போது பேஸ் மேஜர் காந்தாரத்தைத் தொட்டால், கூட்டத்தில் யாருக்கும் காரணம் தெரியாது, எல்லோருக்கும் உறுத்தும். பாடுபவர் திரும்பிப் பார்ப்பார். அதற்குப் பயந்து சும்மா தட்டினாலோ பாட்டு நகரவே நகராது. இந்தப் பயத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

மியூஸ்கோரில் புதிய ஸ்கோர் திறந்து, வாத்தியமாக பேஸ் கிட்டாரைத் தேர்வு செய்யுங்கள். தாளம் 4/4. நான்கு பார் போதும். ஒவ்வொரு பாரின் முதல் இடத்தையும் க்ளிக் செய்து, கண்ட்ரோல், கே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கார்ட் பெயரை டைப் செய்யலாம். முறையே சி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர் என்று கொடுங்கள். ப்ளே செய்தால் அந்தக் கார்ட்களை சாஃப்ட்வேரே வாசிக்கும். லூப் பட்டனைப் போட்டு, வேகத்தை நிமிடத்துக்கு 60 பீட்டுக்குக் குறைத்துவிடுங்கள். இப்போது சலிக்காத ஒரு பக்கவாத்தியக்காரர் தயார். காபியும் கேட்க மாட்டார்.

இனி பேஸ். பீட்டுக்கு ஒன்றாக, பாருக்கு நான்கு ஸ்வரம்:

முதல் பார்: சி, சி, ஈ, ஜி. (ஏ ஸ்ட்ரிங் 3-வது ஃப்ரெட் இரண்டு முறை, டி ஸ்ட்ரிங் 2, டி ஸ்ட்ரிங் 5)
இரண்டாம் பார்: ஏ, சி, ஏ, ஈ. (ஜி ஸ்ட்ரிங் 2, 5, மறுபடி 2, டி ஸ்ட்ரிங் 2)
மூன்றாம் பார்: எஃப், எஃப், சி, ஏ. (டி ஸ்ட்ரிங் 3 இரண்டு முறை, ஏ ஸ்ட்ரிங் 3, ஈ ஸ்ட்ரிங் 5)
நான்காம் பார்: ஜி, ஜி, டி, பி. (ஈ ஸ்ட்ரிங் 3 இரண்டு முறை, ஏ ஸ்ட்ரிங் 5, ஏ ஸ்ட்ரிங் 2)

கை 2-வது ஃப்ரெட்டிலிருந்து 5-வது ஃப்ரெட்டைத் தாண்டவே இல்லை. விரலுக்கு ஒரு ஃப்ரெட். வாசித்துக்கொண்டே நான்காவது பீட்டை மட்டும் கவனியுங்கள். ஜி முடிந்ததும் அடுத்த பார் ஏ. ஈ முடிந்ததும் எஃப். ஏ முடிந்ததும் ஜி. பி முடிந்ததும் மறுபடி சி. ஒவ்வொரு முறையும் ஒன்று அல்லது இரண்டு ஃப்ரெட் தூரத்தில் நின்றுகொண்டு அடுத்த கார்டின் வாசலைத் தட்டுகிறோம். அதே நேரத்தில் நடப்புக் கார்டை விட்டு வெளியே ஓர் ஸ்வரம்கூடப் போகவில்லை.

நடைமுறையில் ஆர்ப்பெஜியோவின் உபயோகமே இதுதான். வரிசையாக ஏறி இறங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. முதல் பீட்டில் கார்டின் பெயர் ஸ்வரம், கடைசி பீட்டில் அடுத்த கார்டுக்குப் பக்கத்து ஸ்வரம். நடுவில் இருப்பதை எப்படி நிரப்பினாலும் கெட்டுப் போகாது. காந்தாரம் எங்கே வருகிறது என்பதில் மட்டும் ஜாக்கிரதை. சோதிக்க, இரண்டாம் பாரின் சி ஸ்வரத்தை ஒரு ஃப்ரெட் தள்ளி 6-வதில் வாசித்துப் பாருங்கள். மேலே மைனர் கார்ட், கீழே மேஜர் காந்தாரம். பல் கூசும். அந்தக் கூச்சம் காதில் பதிந்துவிட்டால் மேடையில் விரல் அங்கே போகாது.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். 41 ஹெர்ட்ஸ் எல்லாம் அதில் வரவே வராது, மேல் ஹார்மோனிக்ஸை வைத்து நம் மூளை ஊகித்துக்கொள்வதுதான். ஹெட்ஃபோன் கட்டாயம்.

பிடித்த பாட்டில் பேஸ் எப்படிப் போகிறது என்று பிடிக்க ஆடாசிட்டி உதவும். அதுவும் இலவசம். பாட்டைத் திறந்து, எஃபெக்ட் மெனுவில் லோ-பாஸ் ஃபில்டரை 250 ஹெர்ட்ஸ் அளவில் கொடுத்தால் குரலும் தந்தி வாத்தியங்களும் பெருமளவு அடங்கிவிடும். பிறகு சேஞ்ச் பிட்ச்சில் 12 செமிடோன் ஏற்றுங்கள். பேஸ் ஒரு ஸ்தாயி மேலே வந்து பளிச்சென்று கேட்கும். வேகமாக இருந்தால் சேஞ்ச் டெம்போவில் மெதுவாக்கலாம், சுருதி மாறாது. இளையராஜா பாடல்களில் இப்படிச் செய்து பாருங்கள். பல இடங்களில் பேஸ் தனிப் பாட்டாகவே ஓடுவது தெரியும்.

நீங்கள் வாசிப்பதையும் அதே ஆடாசிட்டியில் ரெக்கார்ட் செய்யுங்கள். பேஸை நேராக மைக் சாக்கெட்டில் செருக வேண்டாம், ஒலி மெலிந்துவிடும். 'இன்ஸ்ட்ருமென்ட்' உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் நல்லது. ரெக்கார்ட் ஆனதைப் பெரிதாக்கிக் கேட்டால் ஒன்று தெரியும். ஸ்ட்ரிங் மாறும்போது பழைய ஸ்வரம் ஓயாமல் புதியதோடு கலந்து ஒலிக்கும். ஆர்ப்பெஜியோ மறுபடி கார்ட் ஆகிவிட்டது என்று அர்த்தம். இடது கை விரலை ஸ்ட்ரிங்கிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் ஒலி நிற்கும். 60 பீட்டில் இது சரியானபின் 80க்குப் போங்கள்.