உரிமமா, கட்டணமா, வரியா? தொலைக்காட்சிக்கு நாம் கொடுக்கும் பங்கு

மேற்படிப்பின் பொருட்டுப் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பியுள்ள பெற்றோர் பங்சார் வட்டாரத்தில் பலர் உளர். அவர்களுள் சிலர் அண்மையில் நம்மிடம் ஒரே ஐயத்தை எழுப்பினர். பிள்ளை தங்கியுள்ள அறைக்குத் தொலைக்காட்சி உரிமம் பெறப்பட்டதா எனக் கேட்டு ஒரு மடல் வந்திருக்கிறது. அறையிலோ தொலைக்காட்சிப் பெட்டியே இல்லை. மடிக்கணினி மட்டுமே உண்டு. பணம் கட்டத்தான் வேண்டுமா? கட்டுவதால் பயன்தான் உண்டா?

இவ்விரு வினாக்களும் வெவ்வேறானவை. முன்னது சட்டத்தைப் பற்றியது. பின்னது பயனைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதாலேயே இப்பொருள் குறித்த பேச்சு பெரும்பாலும் குழப்பத்தில் முடிகிறது. மேலும், இஃது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. நம் நாட்டிலும் ஒரு தலைமுறைக் காலம் இவ்வுரிமத்திற்கு நாம் பணம் கட்டியிருக்கிறோம். ஆகவே, முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொண்டு, பின்னர்ப் பொருளுக்குச் செல்வோம்.

சொல்லும் பொருளும்

'உரிமம்' என்பது ஒரு செயலைச் செய்வதற்கு அரசு வழங்கும் இசைவு. வண்டி ஓட்டவும் கடை நடத்தவும் நாம் பெறுவது அது. 'கட்டணம்' என்பது பெற்ற சேவைக்கு ஈடாகத் தருவது. மின்சாரத்தை மிகுதியாகப் பயன்படுத்தினால் கட்டணமும் மிகும். 'சந்தா' என்பது விரும்பிச் சேர்ந்து, விரும்பாதபோது விலகிக்கொள்ளத்தக்கது. 'வரி' என்பது பயனைத் துய்த்தாலும் துய்க்காவிடினும் பொதுவுக்கு நாம் அளிக்கும் பங்கு.

தொலைக்காட்சி உரிமத்தை இவற்றுள் எதில் சேர்ப்பது? நம் நாட்டுப் பேச்சுத்தமிழ் அதனை 'டிவி லைசன்' என்றே வழங்கிற்று. பெயரால் அஃது உரிமம். மக்கள் எண்ணத்தில் அது கட்டணம். இயல்பிலோ அது வரியை ஒத்தது. நாள்தோறும் ஐந்து மணி நேரம் பார்க்கும் வீடும், செய்தியை மட்டும் பார்க்கும் வீடும் ஒரே தொகையைத்தான் கட்டின. 'நான் பார்ப்பதே இல்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?' என்னும் முறையீடு, வரியைக் கட்டணமாகக் கருதுவதால் எழுவது. ஊர்க் குளத்தைத் தூர்வாரப் பங்கு கொடுப்பவன், தன் வீட்டுக் குடங்களை எண்ணிக்கொண்டு கொடுப்பதில்லை.

நாம் கட்டிய 24 வெள்ளி

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. தொடக்கத்தில் அம்பாங் சாலையில் இயங்கிய நிலையம், 1969இல் பங்சாரை அடுத்துள்ள அங்காசாபுரிக்கு இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் இரண்டாம் அலைவரிசையும் தோன்றியது. வீட்டில் பெட்டி வைத்திருந்தோர் ஆண்டுக்கு 24 வெள்ளி கட்டி உரிமம் பெற்றனர். கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏழு காசுக்கும் குறைவு. 1999 வரை அந்நடைமுறை நீடித்தது.

1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1999 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்திலும் உரிமம் உண்டு. ஆயினும், அதனைப் பெற வேண்டியவர் ஒளிபரப்புச் சேவையை வழங்குபவரே, பார்ப்பவர் அல்லர். எனவே, இன்று நம் நாட்டில் வீட்டுத் தொலைக்காட்சிக்கு உரிமம் வேண்டுமா என்னும் வினாவுக்கு விடை எளிது: வேண்டுவதில்லை. 2019 அக்டோபர் 31ஆம் நாளோடு பழைய ஒளிபரப்பு முறை நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தைப் பெற்ற இலக்கமுறை ஒளிபரப்புக்கும் மாதக் கட்டணம் இல்லை. அதனை ஏற்கும் தொலைக்காட்சியோ ஒரு சிறு பெட்டியோ, உடன் ஓர் அலைவாங்கியும் இருந்தால் போதும்.

அவ்வுரிம முறை மீண்டும் வர வேண்டும் என நாம் கூறவில்லை. அதில் ஒரு பெருங்குறை இருந்தது. பங்சார் மேட்டு மாளிகைக்கும் தோட்டத்து லயத்து வீட்டுக்கும் ஒரே தொகை. பால்மரம் வெட்டியவரின் 24 வெள்ளியும் வங்கி மேலாளரின் 24 வெள்ளியும் எண்ணால் ஒன்றே; சுமையால் ஒன்றல்ல.

இங்கிலாந்தில் உள்ள பிள்ளைக்கு விடை

இங்கிலாந்து உள்ளிட்ட ஐக்கிய அரசில் உரிமம் இன்றும் சட்டப்படி தேவை. 2025 ஏப்ரலில் அதன் ஆண்டுத் தொகை 174.50 பவுண்டாக உயர்ந்தது. அங்குச் சட்டம் கருதுவது பெட்டியை அன்று, பார்க்கும் செயலையே. எந்த அலைவரிசையின் நிகழ்ச்சியையும் அஃது ஒளிபரப்பாகும் அதே வேளையில் பார்த்தால் உரிமம் வேண்டும். தொலைக்காட்சியானாலும் மடிக்கணினியானாலும் கைப்பேசியானாலும் விதி ஒன்றே. பி.பி.சி.யின் ஐபிளேயர் சேவைக்கு, நேரலையாயினும் முன்னரே பதிவானதாயினும், 2016 செப்டம்பர் முதல் உரிமம் தேவைப்படுகிறது. வானொலிக்குத் தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்றவற்றில் நேரலையல்லாத படங்களை மட்டும் பார்ப்பவருக்கும் தேவையில்லை. அவர் தமக்கு உரிமம் வேண்டுவதில்லை என உரிம அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடலாம். தனித்தனி வாடகை ஒப்பந்தமுள்ள விடுதி அறைகளில் நேரலை பார்ப்போர் ஒவ்வொருவரும் தத்தமக்கென உரிமம் பெற வேண்டும். விதியை மீறினால் 1,000 பவுண்டு வரை தண்டம் விதிக்கப்படலாம். ஆகவே, மடல் வந்ததனாலேயே பணம் கட்ட வேண்டும் என்பதில்லை. பிள்ளை எதைப் பார்க்கிறான், எப்போது பார்க்கிறான் என்பதே விடையைத் தரும்.

செலவு நிற்கவில்லை

இனி, பயன் பற்றிய வினா. உரிமக் கட்டணம் நின்றதும் ஒளிபரப்பு இலவசமாகிவிட்டது எனக் கருதுவோர் உளர். அது பிழை. நம் அரசு வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் அரசின் ஒதுக்கீட்டாலும் ஓரளவு விளம்பர வருவாயாலும் இயங்குகின்றன. அவ்வொதுக்கீட்டில் நம் வரிப்பணம் இருக்கிறது. மளிகைக் கடையில் விற்பனை வரி சேர்ந்த பொருளை வாங்கும் மூதாட்டியும் அதில் பங்குதாரரே.

பிற நாடுகளும் இவ்வாறே வெவ்வேறு வழிகளைத் தேர்ந்தன. சிங்கப்பூர், ஆண்டுக்கு 110 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்த கட்டணத்தை 2011இல் நீக்கியது. ஆனால், பொதுநல ஒளிபரப்புக்கான அரசு நிதியை நீக்கவில்லை. அங்கே வசந்தம் அலைவரிசை இன்றும் தமிழை ஏந்தி நிற்கிறது. செர்மனி 2013 முதல் பெட்டி உண்டா இல்லையா என்று கேட்பதை விடுத்து, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பங்கு பெறுகிறது, மாதம் 18.36 யூரோ. வழி எதுவாயினும் செலவை ஏற்பவர் மக்களே.

நம் வீடுகளிலோ இன்னொரு செலவும் சேர்ந்தது. 1996இல் அஸ்ட்ரோ வந்தபின், தமிழ் நிகழ்ச்சிகளை விரும்பிய குடும்பங்கள் பல சந்தா கட்டத் தொடங்கின. ஓராண்டு உரிமத்துக்கு 24 வெள்ளியா என முணுமுணுத்த நாம், அதனினும் மிகுந்த தொகையை மாதந்தோறும் மகிழ்ந்து கட்டினோம். இதில் குற்றம் ஏதும் இல்லை. பொழுதுபோக்கிற்கு விலை உண்டு. ஆயினும், சந்தா தருவது எது, பொதுப்பணம் தருவது எது என்னும் வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது.

மொழிக்குக் கிடைத்தது என்ன?

1946இல் தொடங்கிய மலாயா வானொலியில் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் இடம்பெற்றது. அம்மரபின் வழியில் இன்று மின்னல் பண்பலையும் இரண்டாம் அலைவரிசையின் தமிழ்ச் செய்தியும் நிற்கின்றன. மொழியியல் நோக்கில் இவற்றின் பயன் பெரிது. தமிழ்ப்பள்ளிக்கு வெளியே, இந்நாட்டின் ஆட்சி நடப்புகளைச் செந்தமிழில் நாள்தோறும் உரைக்க வேண்டிய கட்டாயம் மிகச் சில இடங்களுக்கே உண்டு. செய்தி வாசிக்கும் நேரம் வருமுன் மலாய்ச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் கண்டாக வேண்டும். 'மாமன்னர்' போன்ற சொற்கள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பொதுவழக்காக வேரூன்றியதில் செய்தி ஏடுகளோடு ஒலிபரப்புக்கும் பங்குண்டு. வெள்ளம், தேர்தல், நோய்த்தொற்று ஆகிய காலங்களில் அரசின் அறிவிப்பை முதியோர் தம் மொழியில் கேட்டறிவதும் இதனாலேயே. தொடர்நாடகத்தையும் திரைப்படத்தையும் சந்தை தரும். ஈட்டம் குறைந்த இப்பணியைச் சந்தை தானே முன்வந்து செய்யும் என எதிர்பார்க்க இயலாது.

இதற்கு மாறான ஒரு நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். பி.பி.சி. தமிழோசை 1941இல் தொடங்கியது. நெடுங்காலம் பிரித்தானிய அரசின் மானியத்தால் நடந்த அந்நிறுவனத்தின் உலகச் சேவை, 2014 முதல் பெரும்பாலும் அந்நாட்டு மக்களின் உரிமக் கட்டணத்தைச் சார்ந்தது. அதாவது, யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் கேட்கப்பட்ட தமிழுக்கு இலண்டன் வீட்டார் பங்கு கொடுத்தனர். 2017இல் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு முடிவுற்றது. சேவை இணையத்தில் தொடர்கிறது. கேட்டவர்கள் வருந்தினர், ஆனால், கணக்குக் கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. பங்கு கொடுத்தவர் வேறு, பயன் துய்த்தவர் வேறு என்பதே காரணம்.

நம் நிலை அவ்வாறன்று. நாமே கொடுக்கிறோம், நாமே கேட்கிறோம். 24 வெள்ளிக்கு அஞ்சலகத்தில் பெற்ற சீட்டு இன்று நம் கையில் இல்லை. அச்சீட்டு இருந்தபோது, 'நான் கட்டியிருக்கிறேன்' என்னும் எண்ணம் எளியவர்க்கும் இருந்தது. வரிக்குள் மறைந்த பங்குக்குச் சீட்டு இல்லை. ஆதலால், உரிமையும் இல்லை என நாம் எண்ணத் தலைப்பட்டோம். இழப்பு இங்கேதான் நேர்ந்தது.

எனவே, உரிமம் தேவையா என்றால், நம் நாட்டில் தேவையில்லை. பொதுப்பணத்தில் தமிழ் ஒளிபரப்பு நடத்துவது தகுமா என்றால், ஐயமின்றித் தகும். அத்தகுதியைக் காப்பது நம் கையில் உள்ளது. தமிழ்ச் செய்தியின் நேரம் மாற்றப்பட்டால், நிகழ்ச்சி குறைக்கப்பட்டால், மொழி பிழைபட்டால், நிலையத்துக்கு எழுத வேண்டும். நன்று செய்யும்போதும் எழுத வேண்டும். கொடுத்த பங்கை நினைவில் வைத்திருப்பவரே அதன் பயனைக் கேட்டுப் பெறுவர்.